ஏழாவது ஆள்

புதன்கிழமை பாதி விலை.
வால்பரைசோவில் மழைக்காலம்.
படம் விட்டு வெளியே வந்தபோது
துறைமுக விளக்குகள் தரையிலும் எரிந்தன.

யெர்கோவுக்குக் கால் தரையில் இல்லை.
"பார்த்தீர்களா அந்தச் சவரக்கடையை!
எட்டுக் கண்ணாடி, ஒரே கத்தி,
பின்னால் அக்கார்டியன்,
மூன்றாம் தாளம் விழும்போதெல்லாம் ஒருவன் சாய்கிறான்.
அந்தக் கந்தக மஞ்சள் கோட்டில் ஒரு சுருக்கம் உண்டா?
நூல் பிடித்த மாதிரி வெட்டினான்!"

"யாரை? எதற்கு?" என்றார் ஒஸ்வால்தோ.
பளுதூக்கியின் உச்சியில் முப்பது வருடம் உட்கார்ந்தவர்,
எதையும் மேலிருந்துதான் கேட்பார்.

"கதையாவது கத்தரிக்காயாவது!
அலைக்கு என்ன கதை? வருகிறது, அடிக்கிறது,
நாம் நின்று பார்ப்பதில்லையா?"

"அலை கூலி வாங்கிக்கொண்டு அடிப்பதில்லையே, தம்பி.
கோட்டு நன்றாக இருந்தது.
உள்ளே ஆள் இருந்தானா?"

மகாலி ஈரத்தில் குடை விரித்தபடி,
"இப்படிப் படத்தில்தான் எனக்குத் தூக்கம் வரும்,
யாருக்காகவும் கவலைப்பட வேண்டாம்" என்றாள்.
அவள் யார் கட்சி என்று இருவருக்கும் புரியவில்லை.

நான் மருத்துவமனைச் சலவையில் இருக்கிறேன்.
ரத்தம் எனக்குக் கிலோக்கணக்கில் வரும்.
திரையில் அது மாதுளை முத்தாய்த் தெறித்து
கடைசிவரை சிவப்பாகவே இருந்தது.
என் மூட்டையில் அது பழுப்பு,
ஓரம் தடித்து, கஞ்சி போட்ட மாதிரி மொடமொடக்கும்.
வெந்நீர் பட்டால் போச்சு, துணியோடு ஒன்றாகிவிடும்.
குளிர்ந்த நீர், உப்பு, பொறுமை.

இதைச் சொன்னால் ஒஸ்வால்தோ என்னைத்
தன் பக்கம் சேர்த்துக்கொள்வார்.
சொல்லவில்லை.
காரணம் அந்த ஏழாவது ஆள்.

சவரத்துக்கு வந்தவன்.
முகமெல்லாம் நுரை, கழுத்தில் துண்டு,
சண்டைக்கும் அவனுக்கும் தொடர்பே இல்லையோ என்னவோ.
எழுந்தான்.
எட்டுக் கண்ணாடியிலும் எட்டுப் பேராய் எழுந்தான்.
இரண்டு தாளம் போயிற்று.
மூன்றாவது வர வேண்டும், வர வேண்டும் என்று
என் செருப்பு தரையைத் தட்டியது.
வந்தது.
நான் சிரித்தேன், வாய்விட்டு.
நுரை மட்டும் தனியே மிதந்து இறங்கியது.
அந்தத் துண்டை யார் துவைப்பார் என்று
அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சதுக்கத்து ரொட்டிக்கடையில் நின்றோம்.
யெர்கோ பிளாஸ்டிக் கத்தியால் தாளம் காட்ட,
ஒஸ்வால்தோ கடுகுப் புட்டியை ஆட்டி மறுக்க,
கடைப் பையன் தக்காளி நறுக்கிக்கொண்டே
இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சிவப்பின்மேல் சிவப்பு.
முதலில் யாருக்கும் தெரியவில்லை,
அவனுக்கே தெரியவில்லை.

ஒஸ்வால்தோ விளக்குக் கம்பத்தைப் பார்த்தார்.
யெர்கோ மேடையைத் தாண்டிவிட்டான்.
கழுத்துச் சால்வையை உருவிக் கட்டைவிரலைச் சுற்றி,
"கையைத் தூக்கு. இன்னும் மேலே. என்னைப் பார்" என்றான்.
அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.
எங்கே கற்றான்? பதினோரு வருடப் பழக்கம்,
கேட்டதும் இல்லை.

பையன் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தான்.
ஏதாவது பேச வேண்டுமே என்று,
"படம் நல்லா இருந்துச்சா?" என்றான்.

"தூங்கிட்டேன்" என்றாள் மகாலி.
மற்ற இருவரும் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னார்கள்,
பேருந்து இரைச்சலில் காதில் விழவில்லை.

ஏறுபெட்டி பத்து மணிக்கே நின்றிருந்தது.
இருநூற்றுச் சொச்சம் படி,
பையில் யெர்கோவின் சால்வை.
விளக்கடியில் எடுத்துப் பார்த்தேன்: கந்தக மஞ்சள்.
படத்துக்கென்றே வாங்கியிருக்கிறான், பைத்தியக்காரன்.

தொட்டியில் குளிர்ந்த நீர் பிடித்து அமிழ்த்தினேன்.
மெல்ல அவிழ்ந்தது,
இழை இழையாய், அவசரமில்லாமல்,
எந்தத் தாளத்துக்கும் காத்திராமல்.
உப்பு டப்பா கையில் இருந்தது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.